பழி வயர் மேலேயே இருக்கட்டும்

நெய்வேலி
ஐப்பசி மாதம், விடாத மழை

நான் வளர்த்த சிங்கம், நார்வே நாட்டுப் பனிமலைகளுக்கெல்லாம் ஒரே தமிழ் அதிபதி, செல்வன் செங்குட்டுவனுக்கு உன் சித்தப்பா தனகோட்டி, சாரல் அடிக்கும் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு எழுதுவது.

நானும் உன் சித்தி அன்புக்கரசியும் உன் தங்கச்சி இசைப்பிரியாவும் உடம்பைப் பொறுத்தவரை சுகம், நெட்டைப் பொறுத்தவரை சுகமில்லை. கம்மாபுரத்தில் உன் அப்பா அம்மாவும் சுகம். போன வாரம் போய்ப் பார்த்தேன், குத்தகை வயலில் தண்ணீர் நிற்கிறது என்று அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார், தண்ணீர் வராத வருடத்திலும் அவருக்கு அதே முகம்தான், அதனால் நீ கவலைப்பட வேண்டாம். பெற்றது அவர்கள், ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே வைத்து நெய்வேலிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது நான், ஆக உன்னைப் பற்றிக் கவலைப்படும் வேலை எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் குளிரில் உன் மூக்கும் காதும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று நம்புகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுபோனாய். உன் சித்தி பதறிப்போய், "ஐயோ, புள்ளைக்கு இன்னாமோ ஆயிடுச்சுங்க" என்று போனின் முதுகில் தட்டினாள். படம் நின்றாலும் குரல் மட்டும் பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி கொஞ்சம் வந்தது. "இதுக்கு யாருதான் சித்தப்பா பொறுப்பு? தங்கச்சி வேலைக்காகத்தான நான் இந்த லைனே போட்டுக் குடுத்தேன்? நீங்க ஏதோ பண்ணி வெச்சிருக்கீங்க. இல்லன்னா அந்த கேபிள்காரன் ஏமாத்தறான். கம்பெனிக்கு நான் ஒரு மெயில் போடறேன், அவன் வேலையே போயிடும் பாருங்க" என்றாய். அதோடு நீயும் போனாய், நெட்டும் போனது. நீ கேட்ட கேள்விக்கு உரிய விசாரணையை மாமன்னன் போல நானே முன்னின்று நடத்தினேன். அந்த விசாரணையின் தீர்ப்புதான் இந்தக் கடிதம். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் மெயிலில் கை வை.

எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைக்காதே. இசைப்பிரியா வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெங்களூர் கம்பெனியின் மேடம், சத்யப்பிரியா என்று பேர், மீட்டிங் நடுவில் இவள் நான்கைந்து தடவை காணாமல் போனதும் சொல்லிவிட்டாராம், "தீபாவளி வரைக்கும் பாக்கறோம், அதுக்கப்பறமும் நெட் இப்படியே இருந்தா நீ இங்க ஆபீசுக்கு வந்து உக்காந்துடு, முடியாதுன்னா நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்" என்று. நீ போனபோதே இந்த வீடு பாதி காலி. இவளும் போய்விட்டால் நானும் உன் சித்தியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எத்தனை காலம்தான் பார்ப்பது? அவள் முகமாவது பரவாயில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவள் என்ன பாவம் செய்தாள்? இசைப்பிரியாவைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன், போகவேண்டும் என்று உனக்கு ஆசையா என்று. லேப்டாப்பை மூடிக்கொண்டே, "நெட்டு சரியா இருந்தா நான் எதுக்குப்பா போவப்போறேன்" என்றாள். போதும்! நெட் சரியானால் பெண் வீட்டோடு இருப்பாள், இல்லாவிட்டால் போய்விடுவாள். சுரங்கத்துக்குள் முப்பது வருடமாகக் கன்வேயர் ஓட்டுகிறவன், மலை மலையாக மண்ணை வாரி வேறு இடத்தில் கொட்டுகிறவன், ஒரு தலைமுடி கனமுள்ள வயரிடம் தோற்பேனா என்று தொடை தட்டிக் கிளம்பினேன்.

முதலில் நெட் கம்பெனியைப் பிடித்தேன். போன் போட்டால் ஒரு அம்மா தேன் குரலில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறாள். அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் ரேகையே அழிந்துபோய் ரேஷன் கடை மிஷின் இப்போது என்னை யார் நீ என்று கேட்கிறது. அவர்கள் போடும் பாட்டைக் கேட்டுக் கேட்டு உன் சித்தி அதே மெட்டில் என்னைச் சோற்றுக்குக் கூப்பிடுகிறாள். கடைசியில் உயிருள்ள மனிதன் ஒருவன் வந்து, "எங்க சைடு எல்லாம் ஓகேன்னு காட்டுது சார், உங்க லோக்கல் ஆளைக் கேளுங்க" என்று வைத்துவிட்டான். லோக்கல் ஆள் என்றால் மந்தாரக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் பழனிவேல். அவனிடம் போனால், "கம்பெனிலேர்ந்து வர்றதே கம்மி சார், நடுவுல நான் இன்னா என் வூட்ல வெச்சி வடிச்சிக்கினா இருக்கேன்? இல்லாங்காட்டி உங்க டவுன்ஷிப் மரத்தைக் கேளுங்க, மனுசன விட மரம்தான் அங்க ஜாஸ்தி, கெளை ஆடுனா லைனும் ஆடத்தான செய்யும்" என்கிறான். மரத்தை நான் எங்கே போய்க் கேட்பது? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கலியமூர்த்தி, எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பவர், "தனகோட்டி, இதெல்லாம் மைன்ஸ் மிஷினு ஓடற அதிர்வுப்பா, பூமியே ஆடுது, நூலு கணக்கா இருக்கற ஒயரு ஆடாதா" என்கிறார். அந்த மிஷினை ஓட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன், ஆகக் குற்றம் சுற்றி வந்து என் வாசலிலேயே நின்றது. நீயும் தப்பவில்லை, உயரமான இடத்தில் வையுங்கள் என்று நீ சொன்னதால்தான் நெட் பெட்டியை ஸ்டீல் பீரோ மேல் ஏற்றினோம், இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் நெட் காற்றில் பரவாது என்று இப்போது சொல்கிறார்கள், உடனே இறக்கி ஸ்டூல் மேல் வைத்தேன். அப்போதும் அது முக்கி முனகித்தான் ஓடியது. எல்லோரும் அடுத்தவனைக் கை காட்டுகிறார்கள், கை காட்ட ஆளில்லாமல் நடுவில் நான் நிற்கிறேன்.

பழனிவேலிடம் லைன் பார்க்கிற விஜயராஜ், வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே என்னைக் கிழவனாக்கியவன், ஒருநாள் கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தே விட்டான். வெளியே கம்பத்தில் ஏறிப் பார்த்தான், அங்கே குறையில்லை என்றான். உள்ளே வந்து பெட்டியிலிருந்து, வெளிச்சத்தில் நெட்டைக் கொண்டுவரும் அந்தக் கண்ணாடி இழை வயரின் பச்சை முனையை உருவி ஒரு குட்டி மீட்டரில் செருகினான், முகம் சுருங்கியது. முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், இன்னா சார் இது? குங்குமமா?" என்றான். டேய், அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. நம் செக்‌ஷன் வழக்கம் உனக்குத் தெரியும், ஆயுத பூஜைக்கு உன்னை மைன்ஸுக்குள்ளே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். மற்ற செக்‌ஷன் மாதிரி மிஷினின் நெற்றியில் ஒரு பொட்டை வைத்துவிட்டுப் பொரி தின்ன ஓடுகிற கூட்டமில்லை நாம். எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்குத்தான் சந்தனமும் குங்குமமும். மண்ணைக் கடிக்கிற பல்லுக்கு, பெல்ட்டைச் சுமக்கிற உருளைக்கு. அந்த வழக்கம் நம் வீட்டிலும் வேரோடிப்போய், சித்தி மிக்ஸிக்குப் பிளேடில் வைப்பாள், தையல் மிஷினுக்கு ஊசியில் வைப்பாள், என் பேனாவுக்கு நிப்பில் வைத்து அது ஒரு மாதம் சிவப்பாய் எழுதும். இந்த வருடம் நெட் பெட்டி புதுசாகச் சேர்ந்திருக்கிறது. "இதுக்கு எந்த எடம்டி வேல செய்யுது" என்று இசைப்பிரியாவைக் கேட்டிருக்கிறாள். அவளும் வேறெதோ வேலையில் இருந்தவள், "ஒயரு முனைதாம்மா, அது வழியாதான் வெளிச்சம் வருது" என்றிருக்கிறாள். வெளிச்சம் வருகிற வாசல் என்றதும் சித்திக்குப் பக்தி பொங்கி, முனையைப் பிடுங்கி ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குழைத்து அளவாக, அழகாக ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம், திரும்பவும் செருகிக் கற்பூரம் காட்டிவிட்டாள்!

விஜயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். "இந்த ஜில்லாவுல நான் லைன் போடாத தெரு கெடையாது சார், எலி கடிச்சிப் பாத்துருக்கேன், கொரங்கு பிச்சிப் பாத்துருக்கேன், வெளிச்சத்துக்கே பொட்டு வெச்ச வூட்ட இப்பதான் பாக்கறேன்" என்றான். உன் சித்தி விட்டுக்கொடுப்பாளா? "பின்ன எங்கப்பா வைக்கறது? பொட்டிக்கு வெளில வெச்சா அது பொட்டி செஞ்சவனுக்குப் போவும். வேல செய்யறது உள்ளதான?" என்று கேட்டாள். அவன் பொட்டு வைத்த முனையை வெட்டிப் புது முனை போட்டான், வெட்டியதைக் குப்பையில் போட அவனுக்கும் மனம் வராமல் காகிதத்தில் சுற்றி அவள் கையிலேயே கொடுத்தான், பெட்டியின் வாயையும் துடைத்தான். அதன் பிறகு பார் நெட்டின் வேகத்தை! உன் சித்தி மீன்குழம்பு வீடியோ போட்டாள், குழம்பில் கிடந்த மீன் துள்ளிக் குதித்து வெளியே வந்துவிடும் போலிருந்தது. நான் மந்தாரக்குப்பம் போய் ஜாங்கிரி வாங்கி வந்து பிளாக் முழுவதும் கொடுத்தேன், என் பெண் பெங்களூர் போகவில்லை, தனகோட்டி நெட்டை வென்றான் என்று கலியமூர்த்தி வீட்டு வாசலில் நின்று அறிவித்தேன். இசைப்பிரியாவின் வாயிலும் ஒன்றைத் திணித்து, இனி நீ எங்கேயும் போகவேண்டாம் அம்மா என்றேன். "ஆமாம்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமை நீ நின்றுபோன படம் மாதிரிப் பாதியில் நின்றிருந்தது என்று இப்போது தோன்றுகிறது, அப்போது எனக்குக் கண்ணில் படவில்லை.

மறுநாளே அறையிலிருந்து வெளியே வந்து, "மறுபடியும் கட்டாயிடுச்சிப்பா, மேடம் திட்டறாங்க" என்றாள். அதற்கடுத்த நாளும் அதே. விஜயராஜ் வந்து பெட்டியையே மாற்றினான். மறுபடியும் கட். பழனிவேலே வந்து கம்பத்திலிருந்து புது வயர் இழுத்தான். மறுபடியும் கட். எனக்கு ஷிப்டில் கை ஓடவில்லை, பெல்ட் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஸ்டூலுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது கண் சிமிட்டாமல் என்னைப் பார்க்கும். கோயில் சிலையிடம் கூட நான் அவ்வளவு கெஞ்சியதில்லை.

போன புதன்கிழமை மதியம், காலை ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் சித்தி போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து எதோ வீடியோ பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அது தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அடுப்படியில் செல்போன் டவர் ஒரு கோடு கூட வராது என்று உனக்குத் தெரியும், பேசுவதென்றால் பின்னால் பலாமரத்தடிக்குத்தான் ஓட வேண்டும். ஆக அந்த வீடியோ நம் நெட்டில்தான் ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து இசைப்பிரியா கதவைத் திறந்துகொண்டு வந்து, "அப்பா, இப்பவும் கட்டாயிடுச்சி" என்றாள். நான் போனைப் பார்த்தேன். சித்தியும் போனைப் பார்த்தாள். வெங்காயக் கையோடு பட்டென்று அதைக் கவிழ்த்து வைத்தாள் பார், அந்த வேகத்தில்தான் எனக்குப் புரிந்தது, இந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று. பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அந்தப் பழனிவேலு நாசமாப் போவ! அவன் ஒயருல இடி விழ!" என்று பிளாக் அதிரக் கத்தினேன். அவள் மூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

பிறகு சித்தியைப் பலாமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். "கூடப் படிச்ச அகிலா அங்கதான் இருக்குதாம், ஒரே ஹாஸ்டல்ல எடம் பாத்து வெச்சிருக்குதாம். இதுக்கும் நாலு மனுசங்களோட ஒக்காந்து வேல பாக்கணும்னு இருக்காதா? காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த ரூம்புல செவுத்தப் பாத்துக்கினு கெடக்குது" என்றாள். அதை என்னிடம் சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "எப்பிடிங்க சொல்லும்? நெட்டு கெட்டப்ப, போறதுக்கு ஒரு வழி கெடச்சுதுன்னு நெனச்சிக்கினு இருந்துச்சு. நீங்க ஊரையே பெரட்டிச் சரி பண்ணி, ஜாங்கிரி வேற குடுத்துட்டீங்களே" என்றாள். பெண்ணைக் கூப்பிட்டுப் போய்விட்டு வா என்று சொல்லலாம் என்று அறை வாசல் வரை போனேன், வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. நெட்டைத் திட்டுவதற்கு மட்டும்தான் எனக்கு வாய் இருக்கிறது.

சனிக்கிழமை இன்னொரு கூத்து. நாம் கூப்பிட்டால் வராத பழனிவேலும் விஜயராஜும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். நான் ஊர் முழுக்கத் திட்டியது காதில் விழுந்து ரோஷம் வந்துவிட்டதாம். விஜயராஜ் மீட்டரைச் செருகிப் பார்த்து, "சார், லைன் தங்கம் சார், சொக்கத் தங்கம்! எங்க கட்டாவுதுன்னு பாப்பாவ வந்து காட்டச் சொல்லுங்க, நான் இங்கயே ஒக்காந்து பாக்கறேன்" என்று தரையில் சம்மணம் போட்டுவிட்டான். அறைக் கதவில் நின்ற இசைப்பிரியாவுக்கு முகத்தில் ரத்தமில்லை. எந்த ஆளைக் கையைக் காலைப் பிடித்து வரவழைத்தேனோ, அதே ஆளின் கையைப் பிடித்து எழுப்பினேன். "வேணாம்பா, உன்னால முடியாது, இந்த லைன பிரம்மா வந்தாலும் சரி பண்ண முடியாது, கெளம்பு" என்றேன். "என் மானம் போவுது சார், நல்லா இருக்கற லைனப் போயி கெட்டுப்போச்சின்றீங்களே" என்று அவன் அழாத குறை. பழனிவேல் பெண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவனுக்கும் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை உண்டு. "வாடா, சார்தான் சொல்றாருல்ல. லைன் மோசம்தான்" என்று விஜயராஜின் தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போனான். இத்தனை வருடத் தொழிலில் அவன் லைன் மோசம் என்று அவன் வாயாலேயே சொல்லிக் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலமே இசைப்பிரியாவிடம், என்னால் ஆனதெல்லாம் பார்த்துவிட்டேன் அம்மா, இந்தப் பாழாய்ப்போன நெட் சரியாகாது, நீ பெங்களூருக்கே போய் வேலையைக் காப்பாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டேன். "வேற வழியே இல்லியாப்பா" என்று கேட்டாள், கேட்கும்போதே கண்ணில் ஒரு வெளிச்சம், சித்தி பொட்டு வைத்த வெளிச்சம் எல்லாம் அதற்குக் கால் தூசு. வேறு வழியே இல்லை என்றேன். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறாள். சித்தி முறுக்கு மாவு அரைக்கப் போயிருக்கிறாள், அரைக்கிற அளவைப் பார்த்தால் பெங்களூர் மொத்தத்துக்கும் போலிருக்கிறது.

ஆகவே மகனே, யார் பொறுப்பு என்று கேட்டாயல்லவா, தீர்ப்பு இதுதான். கம்பெனி பொறுப்பில்லை, பழனிவேல் பொறுப்பில்லை, மரமும் மைன்ஸும் பீரோவும் பொறுப்பில்லை, சித்தியின் பொட்டுக்கும் தண்டனை முடிந்தது. ஆனால் எவராவது கேட்டால் நெட்தான் பொறுப்பு என்று நீயும் சொல்ல வேண்டும். மெயில் கியில் ஒன்றும் போடாதே, விஜயராஜ் பிள்ளைகுட்டிக்காரன், செய்யாத தப்புக்கு ஏற்கெனவே என்னிடம் பேச்சு வாங்கிவிட்டான். தங்கச்சி உன்னிடம் பேசும்போது குறும்பாகக் கூட இதையெல்லாம் கிளறாதே, "சித்தப்பா பாவம், என்னமா முட்டி மோதினார், அந்த நெட்டுதான் சதி பண்ணிடுச்சு" என்று மட்டும் சொல். தெரிந்துகொண்டேன் என்று தெரிந்தால் அவள் போகமாட்டாள், போனாலும் நிம்மதியாக இருக்கமாட்டாள். இதைப் போனில் சொல்ல முடியாது, இந்த இரண்டு அறையில் நான் தும்மினாலே அவளுக்குக் கேட்கும், அதனால்தான் தபால் ஆபீசுக்கு நடக்கிறேன்.

நீ குல்லாவை மறக்காமல் போட்டுக்கொள், பட்டினியாக வேலைக்குப் போகாதே, அப்பாவுக்கு மாதம் ஒருமுறையாவது பேசு, அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேசினாலும் உள்ளே சந்தோஷம்தான். நீ கால் வைக்கிற இடத்தில் பனி வழுக்காமல், கை வைக்கிற வேலை தடுக்காமல், நம் ஊர்ச் சூளை மாதிரி உடம்பு சூடு குறையாமல் நூறு வருடம் நீ நன்றாக இருக்க நானும் உன் சித்தியும் வேண்டிக்கொள்கிறோம். கடைசியாக ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அவள் எங்களை வீடியோவில் கூப்பிடுவாள், உன்னையும் சேர்த்துக்கொள்வாள். லைன் சொக்கத் தங்கமாக இருக்கும், எல்லோர் முகமும் பளிச்சென்று தெரியும். அப்போது நான், "சரியாத் தெரியலம்மா, நெட்டு சரியில்ல, பேச்சு மட்டும் பேசு" என்று சொல்லிவிட்டு என் படத்தை அணைத்துவிடுவேன். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது, அவள் பார்க்க வேண்டாம். நீயும் உன் பக்கத்திலிருந்து, "ஆமாம், எனக்கும் சித்தப்பா தெரியல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

என்றும் உன் மேல் உயிராக இருக்கும்
சித்தப்பா
மு. தனகோட்டி
கன்வேயர் செக்‌ஷன், காலை ஷிப்டுக்கும் நைட் ஷிப்டுக்கும் முடிசூடா மன்னன்